ஓரத்தில் விழுந்த விரல்

முப்பத்தோர் ஆண்டுகள் வீடுவீடாக ஏறி மின்சார மீட்டரின் எண்களைப் படித்தெழுதியவர் என்பதால், தெருவில் அனைவருக்கும் அவர் மீட்டர்க்காரர். ஓய்வு பெற்ற பின்னும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் வழக்கம் போகவில்லை. வீட்டில் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. மனைவி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவள் விட்டுச் சென்றது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய நெகட்டிவ்களும் ஸ்லைடுகளும். அந்த வீட்டில் கேமராவைத் தொட்டவள் அவள் ஒருத்தியே. வெளியூரிலிருந்த மகள் தொலைபேசியில் சொன்னபடி, சிலவற்றை ஸ்டூடியோவில் கொடுத்துப் பார்த்தார். படங்கள் பளிச்சென்று வந்தன. ஆனால் நான்கு ஓரங்களையும் நறுக்கிவிட்டார்கள். அன்றே, சொந்தமாக ஒரு ஸ்கேனர் வாங்குவதென்று முடிவு செய்தார்.

கடைக்காரர் முதலில் காட்டியது கையடக்கமான ஒரு பெட்டி. ஓய்வூதியத்துக்கு ஏற்ற விலை. கண் மூடித் திறப்பதற்குள் படம். மீட்டர்க்காரர் தம் சட்டைப்பையிலிருந்த நெகட்டிவை நுழைத்தார். திரையில் அவரே, இளைஞராக, சைக்கிளைப் பிடித்தபடி சிரித்தார்.

"ஓரம் வரலையே."

கடைக்காரர் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கொஞ்சம் வெட்டத்தான் செய்யும் சார். இதுல ஓரத்துல விரல் வேற விழுந்திருக்கு. போனா நல்லதுதானே?"

ஒவ்வொரு முறை படம் கழுவி வந்தபோதும், அந்த விரலுக்காக மனைவியைக் கடிந்துகொண்டவர் மீட்டர்க்காரர்தான். 'நான்தான் வரல, விரலாவது வரட்டுமே' என்று அவள் சிரித்து மழுப்புவாள்.

"எல்லாப் படத்துலயும் நான்தாங்க இருக்கேன்" என்றார். "என் வீட்டுக்காரி இருக்கறது அந்த விரல்ல மட்டும்தான். என்னை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

கடைக்காரர் உள்ளே சென்று, யாரோ திருப்பிக் கொடுத்திருந்த தட்டையான ஸ்கேனர் ஒன்றைத் தூக்கி வந்தார். அதன் மூடியிலும் விளக்கு இருந்தது. விலை சற்றுக் கூடுதல், வேகம் ஆமை வேகம். பிலிம் பொருத்தும் சட்டத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடிமேல் நேராக வைத்தால் ஓரம் முழுவதும் வரும், ஆனால் படம் சிறிது மங்கும் என்று எச்சரித்தார். மங்கட்டும் என்றார் இவர்.

மாலையில் வீட்டில், எதிர் நாற்காலியில் ஸ்கேனர் வந்த காலி அட்டைப்பெட்டியை வைத்துவிட்டு, வேலையைத் தொடங்கினார். படம் வரிவரியாக இறங்கியது. முதலில் வந்தது விரல்தான்: செம்மை படர்ந்த, உருவம் கலைந்த, அவளுடைய விரல். அடுத்துச் சைக்கிளின் கைப்பிடி தெரிந்தது.

தம் முகம் வந்து சேரும்வரை அவர் காத்திருக்கவில்லை. நிறுத்திவிட்டு, அடுத்த நெகட்டிவை எடுத்தார்.