கைக்கு

நர்ஸ் ரப்பர் கையுறையை இழுத்து மாட்டும் சத்தம் கேட்டால் இன்றும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஊசிக்குப் பயம் என்று என் மகள் தெலுங்கில் கிண்டல் செய்வாள். ஊசிக்கு நான் என்றும் பயந்ததில்லை. அந்தச் சத்தத்தில் எனக்கு நினைவு வருவது எங்கள் சூப்பர்வைசர் அக்காதான்.

எண்பதுகள் முடிகிற சமயம். ஹைதராபாத்தில் மௌலா அலிக்குப் பக்கத்தில், குளுக்கோஸ் ஏற்றும் பிளாஸ்டிக் குழாய் செய்யும் சின்ன ஷெட்டில் நான் டைப்பிஸ்ட். இனி அந்தக் குழாய்க்கும் மருந்துக்குப் போல லைசென்ஸ் வேண்டும் என்று விதி வந்தது. தொழிலில் பணம் போட வந்தவர், லைசென்ஸைக் கண்ணால் பார்த்தால்தான் செக் என்று சொல்லிவிட்டார். செக் வராவிட்டால் ஷெட்டுக்குப் பூட்டு. லைசென்ஸ் தருமுன் ஆய்வு செய்ய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது.

அக்கா கல்யாணமாகித் திருச்சியிலிருந்து லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தமிழைத் தவிர வேறு பேச்சு தெரியாது. குழாய்களைப் பொருத்தும் சுத்த அறை அவர் பொறுப்பு. ஆய்வுக்கு வந்த அதிகாரி நேராக உள்ளே போய், வெறுங்கையால் ஒரு குழாயை எடுக்கப் போனார். அக்கா குறுக்கே நின்றுகொண்டார். அதிகாரியின் முகம் மாறியது. “கைக்கு?” என்று அதட்டினார். ஹைதராபாத் உருதுவில் அதற்கு ‘ஏன்’ என்று பொருள். அக்காவின் காதில் அது தமிழாக விழுந்தது.

“ஆமாங்க சார், கைக்குத்தான்” என்று ஒரு ஜோடி கையுறையை நீட்டினார்.

சுத்த அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி கையுறையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மாட்டிக்கொண்டார். அடுத்த மாதமே லைசென்ஸ் வந்தது.

“இந்தக் காகிதம்தாம்மா நம்ம காம்பவுண்டுச் சுவர். இனி எவனும் ஏறிக் குதிக்க முடியாது” என்று முதலாளி அதற்குச் சட்டம் போட்டு மாட்டினார். உண்மைதான். லைசென்ஸ் கிடைக்காத பக்கத்து ஷெட்டுகள் இரண்டும் மூடின. எங்கள் ஷெட் அந்த இடம் வரை நீண்டது. எனக்குச் சம்பளம் கூடியது, சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

மறு வருடம் அக்கா விலகினார். குவார்ட்டர்ஸ் பெண்கள் நாலு பேரைச் சேர்த்து, நகையெல்லாம் விற்று, அதே குழாயைச் செய்ய லைசென்ஸுக்கு விண்ணப்பித்தார். முதலாளி சொல்லச் சொல்ல, லைசென்ஸ் அலுவலகத்துக்கு ஆட்சேபக் கடிதத்தை நான்தான் அடித்தேன். காற்றை வடிகட்டும் இயந்திரம் இல்லாத இடத்துக்கு அனுமதி தரக்கூடாது என்று அதில் இருந்தது. எங்களுக்கு லைசென்ஸ் வந்தபோது எங்களிடமே அந்த இயந்திரம் கிடையாது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் ஒரு பிழைகூட இல்லாமல் அடித்தேன்.

ஆட்சேபத்தின் நகலோடு விண்ணப்பம் அக்காவிடம் திரும்பி வந்தது. தார்நாகா பஸ் ஸ்டாப்பில் எனக்காகக் காத்திருந்தார். கடிதத்தின் அடியில், டைப்பிஸ்ட் போடும் வழக்கப்படி, என் பெயரின் முதலெழுத்துகள் இருந்தன. அக்கா திட்டவில்லை, அழவில்லை. அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்தார்.

“கைக்கு?” என்றார்.

அதற்குள் ஊர்ப் பேச்சு அவருக்குப் பழகியிருந்தது. நான் அப்போது வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இன்றும் நர்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டு, கையை நீட்டுங்கள் என்கிறாள். டைப் அடித்த அதே கையை நீட்டுகிறேன்.