முதல் வாய்ச் சோறு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குற்றாலத்தில் ஒரு ஹோட்டல். வெளியே சாரல், உள்ளே ஈரத் துண்டும் தலையுமாகக் கூட்டம். என் முன்னால் ரெண்டு இட்லி. மடியில் என் மகள் மகிழினி.

அருவியில் குளிக்கப் போகவில்லை. கைக்குழந்தையோடு எங்கே குளிப்பது? தென்காசி வீட்டின் நாலு சுவரையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், பிள்ளைக்குச் சாரலைக் காட்டலாமே என்று பஸ் ஏறியிருந்தேன். அவளோ சாரலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் இட்லியைப் பார்த்தாள். நான் விள்ளும்போது கையைப் பார்த்தாள். கை என் வாய்க்குப் போனால், அங்கே அவள் வாய் திறந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏ தம்பி, பிள்ள எப்படி ஏங்குது பாருங்க. ஒரு வாய் குடுத்தா என்ன?"

சொல்லி முடிப்பதற்குள் சாம்பாரில் தோய்த்த இட்லித் துண்டோடு அவர் கை மேஜையைத் தாண்டி வந்துவிட்டது. நான் மகளோடு பின்னால் சாய்ந்தேன்.

"இன்னும் ஆறு மாசம் முடியலம்மா. இப்பக் குடுக்கக் கூடாது."

"பிள்ளையோட அம்மா எங்க?"

"வேலைக்குப் போயிருக்கா."

"ஞாயித்துக்கிழமையுமா? எங்க?"

சொன்னேன். துணை ராணுவத்தில் இருக்கிறாள், வடக்கே ஒரு காட்டுப் பகுதியில் கேம்ப் என்று. அந்த அம்மா இட்லித் துண்டைத் தன் இலையிலேயே வைத்துவிட்டார். அதன் பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே… பாதி இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் மனைவி செல்வியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பிரசவத்துக்கு முன்னாலேயே டாக்டர் பெட் ரெஸ்ட் சொல்லிவிட்டதால் பிரசவ லீவில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிட்டது. பிள்ளை வளர்ப்புக்கென்று தனி லீவு கேட்டு எழுதிக் கொடுத்தாள். 'பார்க்கலாம்' என்றார்கள். பிள்ளைக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது பெட்டியைக் கட்டிவிட்டாள். நான் வீட்டிலிருந்து எழுதுகிறவன். ஆகவே நானும் மகிழினியும் டின் பால் பவுடரும்!

எனக்கு அப்பா அம்மா இல்லை. செல்வியின் வீடு திருவேங்கடத்தில். மாமனார் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். மாமியாரால் அவரை விட்டு அசைய முடியாது. யாரைக் குறை சொல்ல?

ரயிலேறும்போது செல்வி ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்.

"ஏங்க, முத வாய்ச் சோறு மட்டும் நான்தான் ஊட்டுவேன். ஆய்க்குடி முருகன் கோயில்ல வச்சு. ஆறு மாசம் முடியுறதுக்குள்ள லீவு போட்டு வந்துருவேன். நீங்க அவசரப்பட்டு ஊட்டிராதீங்க, என்ன?"

சரி என்றேன். அதில் என்ன கஷ்டம்?

கஷ்டம் கீழ் வீட்டிலிருந்து வந்தது. வீட்டு ஓனர் எஸ்தர் அக்கா. பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். நல்ல மனுஷி. நான் காய்கறி வாங்கப் போனால் பிள்ளையை வைத்துக்கொள்வார். திருப்பித் தரும்போது மட்டும் தவறாமல் ஒரு பேச்சு உண்டு.

"எம் மவனுக்கு நாலு மாசத்துலயே கேப்பக்கூழு குடுத்தேன். இப்பப் பாரு, ஆறடி வளந்து போலீஸ்ல நிக்கான். நீ என்னன்னா வெறும் பாலக் கரைச்சு ஊத்திக்கிட்டு இருக்க!"

டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"ஆறு மாசம் முடியட்டும் சார். ஆனா காலண்டர மட்டும் பாக்காதீங்க, பிள்ளையையும் பாருங்க. தல நேரா நிக்குதா? பிடிச்சு உக்கார வச்சா உக்காருதாளா? நீங்க சாப்பிடும்போது வாயத் திறக்குதாளா? இதெல்லாம் வந்துட்டா அவ ரெடி."

"அம்மா லீவுல வர்ற வரைக்கும் கொஞ்சம் தள்ளிப் போடலாமா மேடம்?"

"கொஞ்சம்னா எவ்வளவு?"

எனக்கு எப்படித் தெரியும்? அதை முடிவு செய்கிற அதிகாரி எங்கேயோ இருக்கிறார்.

மகிழினிக்கு எல்லா அடையாளமும் வந்துவிட்டது. தலை நின்றது. தலையணையை முட்டுக்கொடுத்தால் ராணி மாதிரி உட்கார்ந்தாள். நான் தட்டை எடுத்தால் போதும், கையை நீட்டிக்கொண்டு ஒரே கத்தல். கடைசியில் நான் அவள் கண்ணெதிரே சாப்பிடுவதையே விட்டுவிட்டேன். அடுக்களையில் சுவரைப் பார்த்துக்கொண்டு, நின்றபடியே, சத்தம் வராமல் விழுங்குவேன். அப்பளம் பொரிப்பதில்லை. நொறுங்கினால் கேட்டுவிடுமே!

சொந்த வீட்டில் திருட்டுச் சாப்பாடு சாப்பிட்டவர்கள் உங்களில் எத்தனை பேர்? தனியாகச் சாப்பிடுவது எனக்குப் புதிதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் வருஷக்கணக்கில் மெஸ்ஸில் சாப்பிட்டவன்தான். ஆனால் பக்கத்து அறையில் நமக்கென்று ஓர் உயிர் இருக்கும்போது ஒளிந்து நின்று சாப்பிடுவது… அது வேறு மாதிரி.

ஆறு மாதம் முடியப்போகிற வாரத்தில் செல்வி போன் பண்ணினாள். குரலே சரியில்லை.

"லீவு கேன்சல் ஆயிட்டுங்க. வேற இடத்துக்குப் போகச் சொல்லிட்டாங்க. அங்கன டவர் கிடைக்காதுன்னு சொல்லுதாங்க. பிள்ள என்ன செய்யுதா?"

"தூங்குதா."

"சரி. எழுப்ப வேண்டாம்."

அவ்வளவுதான். லைன் கட். சோறு பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆறு மாதம் முடிந்தது. தடுப்பூசிக்காகப் போனபோது டாக்டரம்மா எடை பார்த்தார். எடை பரவாயில்லை என்றார். என்ன ஆரம்பித்திருக்கிறேன் என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

"இனிமே தள்ளாதீங்க சார். பால் மட்டும் பத்தாது. இரும்புச் சத்து குறைய ஆரம்பிக்கும். அம்மா வரட்டும்னு நீங்க காத்திருக்கலாம். அவ வளர்ச்சி காத்திருக்குமா?"

செல்விக்கு மெசேஜ் போட்டேன். ஒற்றை டிக். மறுநாளும் ஒற்றை டிக். அதற்கடுத்த நாளும்.

ஒரு யோசனை வரத்தான் செய்தது. சத்தமில்லாமல் ஆரம்பித்துவிடலாம். செல்வி வந்ததும் ஆய்க்குடிக்குப் போய், அதுதான் முதல் வாய் என்று நடத்திவிடலாம். மகிழினியா காட்டிக் கொடுக்கப்போகிறாள்? ஆனால் அன்றைக்கு சந்நிதியில் செல்வியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி நிற்பது? ஊட்டுவதானால் ஊட்டினேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

புதன்கிழமை காலை. பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழையக் குழைய வேகவைத்து மசித்தேன். உப்பு கிடையாது. எஸ்தர் அக்காவைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. பார்க்க வேண்டியவளே பார்க்காததை வேறு யாரும் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. தப்பா?

செல்விக்காக வீடியோ எடுக்க போனை ஒரு செம்பில் சாய்த்து வைத்தேன். ஸ்பூன் நுனியில் பட்டாணி அளவு சோறு. "ஆ காட்டு… ஆ…"

வாங்கினாள். முகம் அப்படியே சுருங்கியது. விளக்கெண்ணெய் குடித்தவள் மாதிரி ஒரு பார்வை. பாதி தாடையில் வழிந்தது. மீதியை வாய்க்குள் உருட்டினாள், யோசித்தாள், முழுங்கினாள். பிறகு மறுபடி வாயைத் திறந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "பாத்தியா!" என்று சத்தமாகச் சொல்லித் திரும்பினேன். யாரிடம் சொன்னேன்? பின்னால் பீரோதான் இருந்தது.

போனை எடுத்துப் பார்த்தால், அது எப்போதோ சரிந்து மல்லாந்து கிடந்திருக்கிறது. வீடியோ முழுக்க சீலிங் ஃபேன். என் குரல் மட்டும் கேட்கிறது. நடுவில் மகிழினியின் ஒரு சின்ன 'ம்'. அதையே அனுப்பினேன். கூடவே, 'ஊட்டிட்டேன் செல்வி. இதுக்கு மேல தள்ளக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க' என்று ஒரு வரி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. எடுத்தேன்.

"செல்வி?"

"நான் வர்ற வரைக்கும் இருந்திருக்கலாம்லா…"

பிறகு அவளே தொடர்ந்தாள்.

"இருந்திருந்தீங்கன்னா, பிள்ளையப் பட்டினி போட்டீங்களான்னு அதுக்கும் திட்டியிருப்பேன். விடுங்க. துப்புனாளா?"

"பாதியத் துப்புனா."

"மூஞ்சி எப்படி வச்சுக்கிட்டா? முதல்ல இருந்து சொல்லுங்க."

சொன்னேன். ஸ்பூனிலிருந்து ஆரம்பித்து, தாடையில் வழிந்தது வரை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

"வீடியோ பாத்தேன். ஃபேன்தான் சுத்துது. திரும்பத் திரும்பப் போட்டு அந்த 'ம்' சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"ஆய்க்குடிக்கு நீ வந்ததும் போவோம்."

"போவோம். ஆனா ஏங்க… பருப்பு, காய், பழம், முட்டை, எல்லாம் நீங்க குடுங்க. டாக்டர் சொல்லுதபடி குடுங்க. மீனு மட்டும் எனக்கு. நான் வந்து முள்ளெடுத்து ஊட்டுதேன்."

சரி என்றேன்.

குழந்தைக்கு எப்போது என்ன ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். எஸ்தர் அக்கா சொல்லிவிடுகிறார். ஹோட்டலில் எதிர் சீட்டில் இருப்பவர்கூடச் சொல்லிவிடுகிறார். அம்மா எப்போது வருவாள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. மகிழினி இப்போது கேரட், பூசணிக்காய் வரை வந்துவிட்டாள். நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். அப்பளமும் உண்டு, எனக்கு மட்டும். லீவு இன்னும் வரவில்லை.

இந்த வாரமும் மீன்காரர் வாசலில் வண்டியை நிறுத்தி ஹார்ன் அடித்தார். இன்னும் ஆளு வரலை அண்ணாச்சி என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.