மூடுபனிக்குள் ஒரு கிளினிக்

கிளினிக் நர்ஸ் வேலை என்பது, முழுசாகக் குணமாகாத வருத்தக்காரர்களை மாதம் ஒருமுறை பார்த்து, அடுத்த மாதமும் வரச் சொல்லி அனுப்புகிற வேலை. சீனி வியாதிக்கோ பிரஷருக்கோ மருந்தெழுதும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு விடியுமுன் பஸ் ஏறி, நம்பருக்குக் காத்துக் கிடந்தவரா நீங்கள்? அப்படியென்றால் நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். மேசைக்குப் பின்னாலிருந்து "சத்தம் போடாதீங்க" என்று சத்தம் போடுகிறவள். கொரோனா வந்தபோது அந்தச் சத்தம் சட்டென்று நின்றது.

முதலாம் நம்பர்

ஊரடங்கு போட்டபின் எங்கள் மலைநாட்டு ஆஸ்பத்திரியில் வந்த முதல் கிளினிக் நாள். மற்ற நாட்களில் படிக்கட்டில்கூட ஆட்கள் நிற்பார்கள். அன்று ஆட்கள் காத்திருக்கும் வாங்குகள் எல்லாம் காலி. திறந்திருந்த கதவு வழியாகப் பனி உள்ளே வந்து, ஆட்கள் உட்காருகிற இடத்தில் மெதுவாக உட்கார்ந்தது. நம்பர் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தேன். கனவில் வருகிற ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது.

பத்து மணிக்குப் பனிக்குள்ளிருந்து ஒருவர் வந்தார். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் அருளப்பன். பஸ் இல்லாததால் ஆறு கட்டை தூரம் நடந்து வந்திருந்தார். பிரஷர் கூடியிருந்தது. கொஞ்சம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன், இறங்கியிருந்தது. மருந்தை வாங்கிக்கொண்டவர் காலி வாங்குகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எட்டு வருசத்துல இன்னைக்குத்தான் மிஸ் நான் முதலாம் நம்பர். ஆனா பெருமையா சொல்லிக்க ஒரு ஆள் இல்லையே."

கல்லு மேல செல்வமணி

பிறகு யாரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நான் போன் எடுத்துச் சுகம் விசாரிக்க வேண்டும், டாக்டர் எழுதுகிற மருந்து தபாலில் போகும். அதுதான் ஏற்பாடு. ஆனால் கொப்பியில் இருந்த போன் நம்பர்களில் பாதி, கடைக்காரருடையது அல்லது கொழும்புக்கு வேலைக்குப் போன மகனுடையது.

அக்கரப்பத்தனைப் பக்கம் கொழுந்து பறிக்கும் செல்வமணிக்குச் சொந்த போன் இருந்தது. சிக்னல்தான் இல்லை. அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, தேயிலை மலை உச்சியில் ஒரு பெரிய கல். அதில் ஏறி நின்றால் மட்டும் கேட்கும். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அங்கே வந்து நிற்பார். நான் மூச்சு வாங்குதா, கால் வீங்குதா என்று கேட்பேன். அவர் பதிலுக்கு முன்னால் காற்று வரும், ஏதோ ஒரு குருவி கத்தும். மூக்கில் மருந்து நெடியோடு உட்கார்ந்திருந்த எனக்கு, அந்த ஐந்து நிமிடம் நானும் அந்தக் கல்லில் நிற்பதுபோல இருக்கும்.

ஒருநாள், "கஷ்டப்பட்டு ஏறாதீங்க, பக்கத்து வீட்டு ஆள்கிட்ட சொல்லி அனுப்புங்க" என்றேன். உடனே மறுத்துவிட்டார்: "வேணாங்க மிஸ். கீழ நான் ஆறு பேருக்குச் சமைக்கிறவ. இங்க ஏறி வந்தாத்தான் நீ எப்படி இருக்கன்னு என்னைய ஒருத்தர் கேக்குறாங்க."

ரெண்டு லெட்சுமி

இது என் பிழை. பூண்டுலோயாப் பக்கத் தோட்டம் ஒன்றில், ஒரே லயத்தில் இரண்டு லெட்சுமி. ஒருவருக்குச் சீனி, மற்றவருக்குப் பிரஷர். மருந்துப் பார்சல் மேலே நான் பெயரையும் லயத்தையும் மட்டும் எழுதியிருந்தேன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் "லெட்சுமி" என்று வாசித்து, முன்னால் நின்றவர் கையில் கொடுத்துவிட்டார்கள். பிரஷர் லெட்சுமி சீனிக் குளிசையை விழுங்கிவிட்டு மலைக்குப் போனார். பதினொரு மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, கொழுந்துக் கூடையோடு உட்கார்ந்துவிட்டார்.

அவரைக் காப்பாற்றியது மற்ற லெட்சுமி. "இது சீனி குறைஞ்சா எனக்கு வர்ற மயக்கம் மாதிரியே இருக்கே!" என்று கண்டுபிடித்து, பால் போடாத சாயத்தண்ணியில் சீனியைக் கொட்டிக் குடிக்கக் கொடுத்து, தோட்டத்து மருந்துக்காரரைக் கூட்டிவந்திருக்கிறார். செய்தி கேட்டதும் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பக்கம் பிரஷர் லெட்சுமி சிரித்தார்: "பரவாயில்லைங்க மிஸ். பத்து வருசமா இவ மயக்கம்னு சொல்றப்பல்லாம் வேலைக்கு டிமிக்கி குடுக்கிறான்னு நெனச்சேன். இனிமே அப்படி நெனைக்க மாட்டேன்."

சுப்பையாவின் கால்

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் சுப்பையாவுக்குச் சீனி அதிகம். ஒவ்வொரு போனிலும் "கால்ல புண் ஏதும் இருக்கா?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல மிஸ், நல்லா இருக்கு" என்பார். நான் கொப்பியில் 'நலம்' என்று எழுதுவேன்.

கிளினிக் திரும்பத் திறந்ததும் வந்தார். சாரத் துணியால் சுற்றிய கால். அவிழ்க்கும்போதே புண் முற்றிவிட்டது தெரிந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. வார்டில் அவர் கட்டிலருகே நின்று, "எத்தனை தடவை கேட்டேன், ஏன் பொய் சொன்னீங்க, ஏன் முன்னமே வரலை?" என்று கோபித்தேன். அவர் போர்வையை இழுத்துக் கட்டுப்போட்ட காலை மூடிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா நோய் வரும்னு எல்லாரும் சொன்னாங்க மிஸ். போகாட்டிக் கால் போகும்னு ஒருத்தரும் சொல்லலையே."

வருத்தக்காரரை வராதீங்க என்று சொல்லிவிட்டு, ஏன் வரலை என்று அவரையே கோபித்துக்கொள்ள எங்களைப் போன்ற நர்ஸ்மாரால்தான் முடியும்.