பதினொரு நாள்

தடுப்புக் கம்பம் குறுக்கே இறங்கியிருந்தது. வேனுக்கு முன்னால் நான்கு லாரிகள், ஒரு பால் வண்டி. அதற்கும் மேலே சாலை இரண்டு முறை வளைந்து, வெள்ளையாகி, காணாமல் போனது.

"அக்கா, திரும்பிடலாமா?" என்றார் ஓட்டுநர். "இப்பத் திரும்பினா இருட்டறதுக்குள்ள கீழ லாட்ஜுக்குப் போயிடலாம். இன்னும் உக்காந்திருந்தா அதுவும் இல்ல, இதுவும் இல்ல."

"எப்ப நின்னோம்?"

"பன்னெண்டு மணிக்கு."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றரை. "மூணு வரைக்கும் இருப்போம்."

வேனுக்குள் பதினான்கு பேர். ஒரே பள்ளிக்கூடத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால்தான் பாலைவனம். இவ்வளவு தூரம் வந்தது அதற்காகத்தான். முன் இருக்கையிலிருந்த தலைமையாசிரியை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"என்னம்மா வானிலை, நீ சொன்ன பதினொரு நாள்ல இது எத்தனாவது நாள்?"

"நாலாவது நாள் டீச்சர்."

"இந்தப் பனிக்கு அது தெரியாது போல."

பின்னால் சிரித்தார்கள். கணக்கு வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. எந்த மாதம் போவதென்று கேட்டபோது ஜூலைக்குக் கை தூக்கியவர் அவர்.

வானிலை என்பது அவளுக்கு வைத்த பெயர். பயண அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் எதிரே இருக்கும் மேசை அவளுடையது. மேசைமேல் ஒரு போன். இருபத்துமூன்று வருடமாக அந்த போனில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: அந்த நாட்டுக்கு எந்த மாதம் போகலாம்? சின்னக் கேள்விதான். ஆனால் அந்த நாட்டில் பாதி மலை, பாதி பாலைவனம். கோடையில் மலைப்பாதை திறந்திருக்கும், பாலைவனம் கொதிக்கும். குளிர்காலத்தில் பாலைவனம் இதமாக இருக்கும், பாதை மூடிவிடும். நடுவில் வரும் வசந்தத்தில் மேலே மண் சரியும், கீழே புழுதி அடிக்கும். போகிறவர்களுக்கோ இரண்டும் வேண்டும், ஒரே பயணத்தில் வேண்டும்.

அவள் அந்த நாட்டைப் பார்த்ததில்லை. எல்லாரும் கிளம்பும் சமயத்தில் போன் எடுக்க ஒருவர் வேண்டுமே, அது எப்போதும் அவள்தான். அதனால் போய் வந்தவர்களைக் கேட்டாள். திரும்பி வந்த மூன்றாம் நாள் போன் செய்வாள். முதல் நாளே கேட்டால் அலுப்பில் எரிந்து விழுவார்கள். ஒரு வாரம் விட்டால் பெருமை சேர்ந்துவிடும். நன்றாக இருந்ததா என்று கேட்கவே மாட்டாள். ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போனவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? மூன்றே கேள்வி. ராத்திரி தூங்கும்போது என்ன போட்டிருந்தீர்கள்? உதடு வெடித்ததா? வண்டி கணவாயில் எவ்வளவு நேரம் நின்றது? இத்தனை சின்ன விஷயத்தில் யாரும் பொய் சொல்வதில்லை. பதிலை அட்டையில் எழுதி, போன தேதிப்படி பிஸ்கட் டப்பாவில் அடுக்குவாள். டப்பா ஐந்தானபோது, எந்த வருடமானாலும் ஒரே இடத்தில் உதடு வெடிக்காத, பாதை மூடாத அட்டைகள் கூடிக் கிடந்தன. அக்டோபரில் பதினொரு நாள். முன்னே போனால் வேகும், பின்னே போனால் உறையும்.

அப்புறம் மாப்பிள்ளை வந்தார். முதலாளிக்கு முட்டி வலி. மகளைக் கட்டியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மடிக்கணினி, கலர் கலராக ஒரு வரைபடம்.

"ஜூலைதான் மேடம் பெஸ்ட். சராசரி இருபத்திரண்டு டிகிரி."

"எதோட சராசரி சார்?"

"மொத்த நாட்டோட."

அவள் எட்டிப் பார்த்தாள். பாலைவனத்தின் நாற்பத்துநான்கையும் கணவாயின் பூஜ்யத்தையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார்.

"சார், ஒரு காலை அடுப்புலயும் இன்னொரு காலை ஐஸ்பெட்டியிலயும் வெச்சா இடுப்புக்கு இதமா இருக்கும்னு சொல்றீங்க."

அலுவலகமே சிரித்தது. அதுதான் வினையாகப் போயிற்று. எதிரே உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, அக்டோபருக்கே பதிவு செய்தார்.

மாப்பிள்ளை அன்று சாயங்காலம் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார். "நீங்களே கூடப் போங்க மேடம். பாதை மூடியிருந்து திரும்பி வந்தீங்கன்னா முன் மேசைக்கு வேற ஆளைப் போட்டுடறேன். பின்னறையில பாஸ்போர்ட் நகலெடுக்க ஆள் இல்ல."

கணவர் மின்விசிறி ரிப்பேர் பார்ப்பவர். அவள் பெட்டி அடுக்கும்போது தரையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஊர் உலகத்தையே அங்க அனுப்பி வெச்ச. என்னையும் ஒருதரம் அனுப்பியிருந்தா நிம்மதியா இருந்திருப்பே."

"அனுப்பறேங்க. திரும்பி வந்ததும் நிறைய கேள்வி கேப்பேன், பரவாயில்லையா?"

"தினமும் அதானே நடக்குது." அவர் ஒரு திருகாணியைத் தேடினார். "பின்னறைக்குப் போகச் சொல்லிட்டா?"

"போக வேண்டியதுதான்."

"அங்க போன் இல்லையே."

அவள் நான்கு டப்பாக்களைப் பரண்மேல் ஏற்றினாள். ஐந்தாவதில் அந்தப் பதினொரு நாளின் அட்டைகளை மட்டும் போட்டுப் பெட்டியில் வைத்தாள்.

இப்போது அந்த டப்பா அவள் மடியில் இருந்தது. இரண்டு மணி. பால் வண்டி திரும்பிப் போய்விட்டது.

"பால்காரனே போயிட்டான்," என்றார் கணக்கு வாத்தியார். "நமக்கென்ன பிடிவாதம்? கை தூக்குங்க, முடிவு பண்ணிடலாம்."

ஏழெட்டுக் கைகள் எழுந்தன. தலைமையாசிரியை கை தூக்கவில்லை, ஆனால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து நடு வழியில் போய், டப்பாவைக் கணக்கு வாத்தியாரிடம் நீட்டினாள்.

"சார், நீங்களே பாருங்க. கடைசி வரியை மட்டும் பாருங்க போதும்."

அவர் வேண்டா வெறுப்பாகக் கண்ணாடியை மாட்டினார். நாலு அட்டை பார்த்ததும் பேனா கேட்டார். செய்தித்தாளின் ஓரத்தில் கட்டம் போட்டார். அறுபத்தொரு அட்டை. வேனில் யாரும் பேசவில்லை. விடைத்தாள் திருத்துகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று அவர்களுக்குப் பழக்கம்.

"இருபத்தேழு தடவை இதே இடத்துல வண்டி நின்னிருக்கு," என்றார் கடைசியில். "மூணு மணி நேரத்தைத் தாண்டினது ஒன்னுகூட இல்ல."

"மத்தியானத்துக்கு மேல வெயில் இந்தச் சரிவுலதான் விழும்," என்றார் ஓட்டுநர், நினைவு வந்தவராக. "சராசரி எவ்வளவு சார்?"

"சராசரி பேச்சே வேண்டாம்," என்றார் கணக்கு வாத்தியார். "இருப்போம்."

தூக்கிய கைகள் இறங்கிவிட்டன. அவள் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டேகாலுக்கு மேகம் விலகியது. வெயில் முதலில் உச்சியில் ஒரு பாறைமேல் விழுந்தது, பிறகு வளைவு வளைவாக இறங்கியது. சாலை ஓரத்தில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. இரண்டு நாற்பதுக்குக் காவலர் கொட்டகையிலிருந்து வெளியே வந்து, சோம்பல் முறித்து, கம்பத்தை உயர்த்தினார்.

வேனில் எழுந்த சத்தத்தைக் கேட்டு, முன்னால் நின்ற லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். "சைலன்ஸ்!" என்று அதட்டினார் தலைமையாசிரியை. பழக்க தோஷத்தில் எல்லாரும் அடங்கினார்கள். உடனே அவரே இரண்டு கையையும் தட்டி, "ஜெயிச்சுட்டாடா நம்ம வானிலை!" என்று கத்தினார்.

உச்சியைத் தாண்டி இரண்டாவது வளைவில் பனி முடிந்தது. கீழே, மிகக் கீழே, ரொட்டி நிறத்தில் பாலைவனம் கிடந்தது. இருபத்துமூன்று வருடம் போனில் விவரித்த இடம். தான் சொன்னதைவிடப் பெரிதாக இருந்தது. அவள் ஜன்னலை முழுவதும் திறந்தாள். யாரும் குளிர்கிறது என்று சொல்லவில்லை.

சிக்னல் வந்ததும் போன் அடித்தது. மாப்பிள்ளை. அவள் எடுப்பதற்குள் தலைமையாசிரியை வாங்கிவிட்டார்.

"மாப்பிள்ளை சாரா? ஆமா, நின்னோம். இல்ல, திரும்பல. தாண்டியாச்சு. அடுத்த அக்டோபருக்கு இன்னொரு வண்டி ஆள் வருவோம், எழுதி வெச்சுக்குங்க. அப்புறம் அந்த முன் மேசை இருக்கு பாருங்க, தூசி படியாம துடைச்சு வைங்க."

மறுநாள் காலை ஆறரைக்கு எழுந்தார்கள். ரொட்டி, அவித்த முட்டை, டீ. பத்து மணி வரை மணலில் நடந்தார்கள். ஒரு டீச்சரின் செருப்பு வார் அறுந்தது. ஓட்டுநர் கம்பியால் கட்டிக் கொடுத்தார். கணக்கு வாத்தியார் நடக்க வரவில்லை, தூங்கினார். நடுப்பகலில் இருபத்தொன்பது டிகிரி. சாப்பிட்ட பிறகு அவள் வெற்று அட்டை ஒன்றை எடுத்துத் தேதி போட்டாள். தூங்கும்போது போட்டிருந்தது: ஒரு ஸ்வெட்டர். உதடு: வெடிக்கவில்லை. வண்டி நின்றது: இரண்டு மணி நாற்பது நிமிடம். அட்டையை மற்றவற்றோடு வைத்து ரப்பர் பேண்டு போட்டாள். நான்கு மணிக்கு வேன் கிளம்பியது.