இருட்டில் தேடிய கெம்பு

நகைப் பட்டறையில் அவளை எல்லோரும் லைட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிற கற்களைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்து, எது எப்படி ஒளிர்கிறது என்று பார்த்து, அசலா செயற்கையா என்று சந்தேகம் தீர்ப்பது அவள் வேலை. விளக்கு பாதிதான் சொல்லும், மீதியை மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் அவள் வாய் திறக்க மாட்டாள். அவள் பேச்சை நம்பித்தான் முதலாளி அவள் தம்பியைக் கல் பதிக்கிற வேலைக்குச் சேர்த்திருந்தார்.

அன்று தம்பி ஒரு மோதிரத்தில் கெம்பு என்கிற மாணிக்கக் கல்லைப் பதித்துக்கொண்டிருந்தான். முதலாளி பக்கத்தில் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கல்லைப் பிடித்திருந்த சாமணம் வழுக்கியது, கல் தெறித்தது. போன இடம் தெரியவில்லை.

மேசையைக் கவிழ்த்தார்கள். தரையைக் கூட்டிக் குப்பையைச் சலித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பட்டறையில் இருந்த நாலாவது ஆளான மெருகு போடுகிறவர் எழுந்துபோய், யாரும் வெளியே போகாதபடி கதவைத் தாழிட்டார்.

"கல்லுக்கு என்ன றெக்கையா முளைச்சுது?" முதலாளி தம்பியையே பார்த்தார். "நீயா எடுத்துக் குடுக்கறியா, போலீசைக் கூப்பிடவா?"

தம்பி மறுபடி மேசைக்கு அடியில் குனிந்தான்.

"லைட்டை அணைங்க," என்றாள் அவள். "என் விளக்கு பட்டா கெம்பு செவப்பா எரியும். தேடிப் பாத்துடலாம்."

திரைகளை இழுத்து மூடினார்கள். கைவிளக்கின் ஊதா வெளிச்சத்தில் தரையில் கிடந்த நூல்பிசிறுகள் நீலமாக மினுங்கின. சலவைத்தூள் போட்டுத் துவைத்த சட்டைகள் வெளிறி ஒளிர்ந்தன. சிவப்பு மட்டும் எங்கும் இல்லை.

"ஆளுங்க மேலயும் பிடி. உன் தம்பிகிட்டேருந்து ஆரம்பி," என்றார் முதலாளி.

காலர், கைமடிப்பு, இடுப்பு. சட்டைப்பையின் வாயை விரலால் அகற்றி உள்ளே விளக்கைக் காட்டினாள். அடியில், அணையாத கங்கு போல ஒரு சிவப்பு.

அந்தக் கோணத்தில் அவளைத் தவிர யாருக்கும் அது தெரியாது. கையைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். தம்பியின் மூச்சு அவள் முகத்தில் பட்டது.

"உள்ள இருக்கறத எடு," என்றாள்.

சின்னக் கண்ணாடித்தாள் பொட்டலம். உள்ளே சிவப்புக் கல். "அக்கா, இது கடையில வாங்கினது. வீட்டுல அவளுக்கு ஒரு மோதிரம் செஞ்சு குடுக்கலாம்னு..."

"பொண்டாட்டிக்கு மோதிரமா? நல்ல கதை," என்றார் முதலாளி.

விளக்கைப் போடச் சொல்லி, அவள் கல்லை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். உள்ளே வளைந்து வளைந்து கோடுகள். "செயற்கை. தம்பிக்காகச் சொல்றேன்னு தோணினா நீங்களே பாருங்க."

கல் பார்க்க அவருக்கும் தெரியும். நெடுநேரம் கண்ணை எடுக்காமல் இருந்தார். "செயற்கைதான். அப்ப இதை மோதிரத்துல வச்சிட்டு அசலை அமுக்கலாம்னு இருந்திருக்கான்."

அவளுக்கு அந்த யோசனையே வரவில்லை. கேட்ட பிறகு மனசிலிருந்து போகவும் இல்லை.

"இன்னும் ரெண்டு பேர் மேல விளக்கு படல," என்றாள்.

மறுபடி இருட்டு. மெருகு போடுகிறவர் தானாகவே வந்து கையை விரித்து நின்றார். அவரிடம் எதுவும் இல்லை.

"நீங்களும் வாங்க முதலாளி."

"நானா?"

"நீங்கதானே அவன் பக்கத்துல நின்னீங்க."

சட்டையில் இல்லை. பேண்ட் பையில் இல்லை. விளக்கு கீழே இறங்கியது. பேண்டின் இடது கால் நுனி மடிப்புக்குள் சிவப்பாக ஒரு துளி.

"மடிப்பைப் பிரிச்சு விடுங்க."

கல் தரையில் விழுந்து உருண்டது. அதையும் மைக்ராஸ்கோப்பில் வைத்து, உள்ளே அசல் கல்லுக்கே உரிய ஊசி போன்ற மெல்லிய இழைகளைப் பார்த்த பிறகே சொன்னாள்: "நம்ம கல்லுதான்."

"சரி, வேலையப் பாருங்க," என்று போன முதலாளி, பாதியில் திரும்பி வந்தார். "மனசுல வச்சுக்காதப்பா," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

வீடு திரும்பும்போது தம்பி கேட்டான். "பையில விளக்கு பட்டதும் நான்தான்னு நினைச்ச, இல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆமா, நினைச்சேன்."

"பாக்காத மாதிரி விளக்கை நகர்த்தியிருக்கலாமே."

"நகர்த்தியிருந்தா ஆயுசுக்கும் உன்னைத் திருடன்னே நினைச்சிட்டு இருந்திருப்பேன்டா."

அவன் நடையை எட்டிப் போட்டான். கொஞ்ச நாளில் வேறு பட்டறைக்குப் போய்விட்டான். கேட்டால், அது வீட்டுக்குப் பக்கம் என்பான். அவளும் தோண்டித் துருவவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வருவான், சாப்பிடுவான், அக்கா பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைவான். கல் பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை.