ஜன்னலைத் திறந்த மதியம்

குமாரபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கான பகல்நேரக் காப்பகம் ஒன்றில், கல்லூரியின் கோடை விடுமுறையில் நான் தன்னார்வலராக இருந்தேன். ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பெண்ணும் என்னுடன் பணிபுரிந்தாள். மதிய உறக்கத்துக்கு அமைதி வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் ஐயமே இல்லை. சோறு ஊட்டி முடித்ததும் ஜன்னல்களை அடைத்துவிட்டு, ஓசையெழாமல் நடப்போம்.

புதிதாகச் சேர்ந்த இரண்டு வயதுக் குழந்தை மட்டும் உறங்காமல் அழுதுகொண்டே இருந்தது. ஒரு மாலை அதன் தாய் சலித்துப்போனாள்.

"உடுங்க டீச்சர், முன்ன மாதிரி தறிப் பட்டறைக்கே தூக்கிட்டுப் போயிக்கிறனுங்க."

"ஓடுற தறியில கைய உட்டுட்டா என்னக்கா பண்ணுவீங்க?"

"சேலையில இடுப்பக் கட்டிப் போட்டுருவனுங்க. இங்க அழுது சாகறதுக்கு அது தேவலைங்க."

"நாளைக்கு ஒரு நாள் கொண்டாங்க. தூங்க வைக்கிறது என் பொறுப்பு" என்றேன்.

மறுநாளும் அதே அழுகை. குழந்தையைத் தோளில் போட்டபடி நெடுநேரம் நடந்தேன். புழுக்கம் தாளாமல் ஒரு ஜன்னலைத் திறந்தபோது, பக்கத்துப் பட்டறையின் தறியோசை கடகடவென்று அறைக்குள் புகுந்தது. ஜெர்மானியத் தோழி பதறி மூட வந்தாள். அதற்குள் என் தோளில் விம்மல் அடங்கி, குழந்தையின் தலை கனத்துச் சாய்ந்தது. பிறந்தது முதல் அது அந்த இரைச்சலில்தான் உறங்கியிருக்கிறது. நான் தோழியின் கையைப் பிடித்து நிறுத்தினேன். மற்ற ஜன்னல்களையும் திறந்தேன். உறங்கிய பிள்ளைகளில் ஒன்றுகூட விழிக்கவில்லை.

மாலையில் தாய், உறங்கிக்கொண்டிருந்த குழந்தையைச் சந்தேகத்தோடு குனிந்து பார்த்தாள்.

"என்ன மருந்துங்க குடுத்தீங்க?"

"உங்க தறிச் சத்தந்தான் அக்கா."

அவள் சிரித்துவிட்டாள். "அப்ப நாளைக்கும் கொண்டாந்து உடறனுங்க."