அக்காவுக்கு நான் கொடுத்த மணல்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய பொறுமையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதற்கு நான் செய்த கைம்மாறை அறியமாட்டீர்கள்.

பொன்னேரிப் பக்கம் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவர், கும்மிடிப்பூண்டியில் வாழ்க்கைப்பட்டார். மாமா சீக்கிரமே போய்விட, மாத்திரை அடைக்கும் கம்பெனியில் நாளெல்லாம் நின்று வேலை செய்து மகனை ஆளாக்கினார். ஓய்வுபெற்ற பிறகு தமக்கென்று அவர் ஆசைப்பட்டது ஒன்றுதான். போன்சாய் என்பார்களே, தட்டில் வளரும் அந்தக் குட்டிப் புளியமரம். அதுவும் விதையிலிருந்து, தம் கையாலேயே.

நம் வயல் வண்டலைக் கொண்டுவரவா என்று கேட்டேன்.

"அது நாத்துக்குடா நைனா, தண்ணி அதுலயே நிக்கும். மரத்து வேருக்கு மூச்சு ஓணும்."

செங்கல்லை இடித்துச் சலித்தார். தேங்காய் நார்த்தூளை ஊறவைத்துப் பிழிந்தார். ஆற்றுமணல் மட்டும் என்னிடம் கேட்டார்.

ஓய்வுக்குப் பின்னும் நான் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் மேற்பார்வைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மணலைத் தேடி அலையச் சலிப்பாக இருந்தது. வார்ப்பு எடுத்தபின் வெளியே கொட்டியிருந்த அச்சு மணலில் ஒரு மூட்டை கட்டிக் கொண்டுபோனேன். பிசின் கலந்து, உருகிய இரும்பில் வெந்த மணல் அது.

"ஆரணி ஆத்து மணல்க்கா."

"இன்னாடா கறுப்பா கீது?"

"ஆத்துல இன்னா பாலா ஓடுது?"

அக்கா சிரித்தார். நம்பினார்.

மறுபடி மறுபடி விதைத்தார். கொட்டை உப்பும், எட்டிப் பார்க்கும் வேர் கருகிவிடும். "புளியங்கொட்டைக்கு இவ்ளோ சீமந்தமா அத்தே?" என்று மருமகள் கேலி செய்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"என் கை செத்துப்போச்சு தம்பி. ஒண்ணும் மொளைக்க மாட்டேங்குது."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "வெதை பழசா இருக்கும்க்கா" என்றேன். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். பிறகு படுக்கையில் விழுந்தார். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அக்காவைத் தூக்கி உட்காரவைத்துச் சோறூட்டிய மருமகளுக்கும், மருத்துவமனைக்கு ஓடிய அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. அந்த வரிசையில் என்னைச் சேர்க்காதீர்கள்.

இந்த நினைவு மலரோடு ஒரு சிறு பை தந்திருக்கிறோம். அக்கா சொன்ன கலவையும் இரண்டு புளியங்கொட்டைகளும் அதில் உள்ளன. இம்முறை ஆற்றுமணல்தான், நானே அலைந்து வாங்கி, அலசிச் சலித்தேன். முளைத்தால், உங்கள் கை சாகவில்லை என்று அக்காவின் படத்திடம் யாராவது வந்து சொல்லுங்கள். என் பேச்சை அவர் ஒருமுறை நம்பியதே போதும்.